தாய்ப்பாசம் என்னும் பொய்ச் சாட்சி

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் உண்மையைத் தேடிப் புறப்படுகிறாள் என்று ஒரு கதை ஆரம்பித்ததுமே, நம்மில் பலர் விமர்சன புத்தியைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோம். அதன்பின் எது நடந்தாலும் சம்மதம். தர்க்கம் உடையலாம், பாத்திரங்கள் அட்டைப் பொம்மைகளாகலாம், வானத்திலிருந்து ஏதாவது இறங்கிவந்து முடிச்சை அவிழ்க்கலாம். 'இருந்தாலும் அந்தத் தாயின் துக்கம்...' என்று இழுத்து நிறுத்திக்கொள்வோம். அந்த மூன்று புள்ளிகளுக்குள் எவ்வளவு பொய் குடியிருக்க முடியும் என்பதுதான் இங்கே விஷயம்.

நம் வட்டத்து நண்பர் ஒருவர், நல்ல கவிஞர், 'தி ஃபர்காட்டன்' (2004) என்ற அமெரிக்கப் படத்தைப் பற்றிச் சமீபத்தில் பேசினார். மர்மப்பட ஜோடனைகளை உரித்துப் போட்டுவிட்டால் மிஞ்சுவது ஓர் ஆதி சத்தியம், தாய்மை, அதை எந்தச் சக்தியாலும் அழிக்க முடியாது, படம் இதைச் சொல்லிவிட்டது என்பது அவர் வாதம். கூட இருந்த இன்னொரு நண்பருக்கு இந்த ரகப் படங்களைப் பற்றிப் பேசுவதே கால விரயம். வியாபாரச் சரக்கு, தள்ளு என்றார். இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள் என்பது என் கட்சி. ஒருவர் தாயைக் கும்பிட்டுவிட்டுப் படத்தைப் பார்க்காமல் விடுகிறார். மற்றவர் கும்பிடாமலே பார்க்காமல் விடுகிறார். மனோதத்துவ மர்மக் கதை என்கிற வடிவம் 'உனக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்வியின் மேல் நிற்கிற வடிவம். அந்தக் கேள்வியை ஒரு தாயிடம் கேட்கிற துணிச்சல் அந்த வடிவத்துக்கு உண்டா என்று பார்ப்பது விமர்சகன் வேலை.

முதலில் நண்பரின் படம். ஜோசஃப் ரூபன் இயக்கியது. டெல்லி என்ற பெண்ணாக ஜூலியன் மூர். விமான விபத்தில் மகன் ஸாம் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. மனநல மருத்துவரிடம் போய்வருகிறாள். ஒரு நாள் குடும்பப் புகைப்படத்தில் மகன் இல்லை. ஆல்பம் வெறுமையாக இருக்கிறது. வீடியோ நாடாவில் ஒன்றும் இல்லை. உனக்குப் பிள்ளையே பிறக்கவில்லை, எல்லாம் உன் மனம் கற்பித்துக்கொண்டது என்று கணவனும் மருத்துவரும் சொல்கிறார்கள். இதுவரை படம் அசல். துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு: என்னைத் தவிர வேறு யாருக்கும் அவன் நினைவில் இல்லாமற் போனால் அவன் இருந்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? அந்தப் பயத்தைப் படம் ஸ்தூலமாகப் பிடித்துவிடுகிறது. அதே விபத்தில் மகளை இழந்த ஒருவன் குடித்துக் குடித்து எல்லாம் மறந்து கிடக்கிறான். அவன் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிற தாளை டெல்லி நகத்தால் கிழிக்கிறாள். அடியில் அவன் மகள் கிறுக்கிய சித்திரங்கள் இருக்கின்றன. படத்தின் உச்சம் அதுதான். ஒரு தாய் தன் ஞாபகத்தை மட்டும் நம்பாமல், வெளியே, சுவரில், மற்றவன் கண்ணுக்கும் படும்படியாக ஓர் அத்தாட்சியைத் தோண்டி எடுக்கிறாள்.

அதற்குப் பிறகு வானம் திறக்கிறது. மனிதர்கள் சருகுகள் மாதிரி மேலே உறிஞ்சப்படுகிறார்கள். வேற்றுக் கிரகத்தார் நடத்துகிற பரிசோதனையாம். தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள பந்தத்தை அறுக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். எல்லாப் பெற்றோரும் மறந்துவிட்டார்கள், டெல்லி ஒருத்திதான் பாக்கி. கடைசியில் அவள் பிள்ளையைக் கையில் வாங்கிய முதல் ஞாபகத்தையும் பிடுங்கிவிடுகிறார்கள். ஆனால் பிறப்பதற்கு முன்பே வயிற்றில் அவன் இருந்த ஞாபகம் அவளுக்கு எஞ்சியிருக்கிறது. அதைக்கொண்டு அவள் ஜெயித்துவிடுகிறாள். பரிசாக மகன் உயிரோடு திரும்பக் கிடைக்கிறான். விளையாட்டு மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கிறான்.

நண்பர் ஆதி சத்தியம் என்று கொண்டாடுவது இந்த வயிற்று ஞாபகத்தைத்தான். எனக்கு இது அவளுக்கு இழைக்கப்பட்ட துரோகமாகப் படுகிறது. சுவரைக் கிழித்தபோது அவள் ஒரு காரியம் செய்தாள். சந்தேகம் அவளுக்கும் இருந்திருக்கும், நகம் வலித்திருக்கும், அடியில் ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். கடைசிக் காட்சியில் அவள் எதுவும் செய்யவில்லை. கர்ப்பப்பை செய்துவிட்டது. உண்மையைத் தேடினவள், உண்மையைச் சுரக்கிற ஒரு சுரப்பியாகக் குறுக்கப்பட்டாள். கூட இருந்த அந்த அப்பன் ஏன் மறந்தான்? அவனுக்குக் கர்ப்பப்பை இல்லை, அவ்வளவுதான் பதில். அவன் குடியும் அவன் துக்கமும் கணக்கிலேயே வரவில்லை. போகட்டும், மற்ற தாய்மார்கள் ஏன் மறந்தார்கள் என்றும் படம் கேட்பதில்லை. கேட்டால் கர்ப்பப்பைத் தத்துவம் அங்கேயே இடிந்துவிழும்.

பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கிற படத்துக்குத் துக்கத்தைப் பற்றிப் பேச என்ன யோக்யதை? ஒன்றரை மணி நேரம் அழவைத்து, நஷ்டம் ஏதும் இல்லை என்று சொல்லி அனுப்புகிறது. வட்டியோடு முதலும் பத்திரம். இதில் உண்மை என்று சொல்லப்படுவது பரிசுச் சீட்டின் எண் மாதிரி: தெரிந்துகொண்டால் லாபம் மட்டுமே வரும். தெரிந்துகொள்வதற்காக எதையும் இழக்கவேண்டியதில்லை.

இதற்குப் பக்கத்தில் தென்கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் 'மதர்' (2009) படத்தை வையுங்கள். அங்கேயும் ஒரு தாய், ஒரு மரணம், உண்மையைத் தேடும் ஒரு பிரயாணம். தாய்க்குப் பெயரே கிடையாது. மூலிகை விற்கிறாள், லைசென்ஸ் இல்லாமல் ரகசியமாக ஊசி வைத்தியம் செய்கிறாள். மகன் வாலிபன், புத்தி மந்தம். அவனை யாராவது முட்டாள் என்றால் கை நீட்டிவிடுவான். ஒரு பள்ளி மாணவி கொலையாகி மொட்டை மாடியில் கிடக்கிறாள். போலீஸ் இவனைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறது. தாய் கிளம்புகிறாள். வக்கீல் உதவவில்லை, போலீஸ் சிரிக்கிறது. மகனின் சிநேகிதன்மேல் சந்தேகப்படுகிறாள், தவறாகிறது. இறந்த பெண்ணின் பரிதாபமான வாழ்க்கை ஒவ்வோர் இழையாகத் தெரியவருகிறது. பார்க்கிற நாம் முழுக்க அவள் பக்கம். வேறெந்தப் பக்கம் இருப்போம்?

கடைசியில் பழைய சாமான் பொறுக்குகிற ஒரு கிழவனிடம் வந்து சேர்கிறாள். அவன் அன்று இரவு கண்ணால் பார்த்தவன். அந்தப் பெண் முட்டாள் என்று சொன்னாள், உன் மகன் கல்லைத் தூக்கி எறிந்தான், அவள் விழுந்தாள் என்று சொல்கிறான். தேடிய உண்மை இதுதான். கிழவன் போலீசுக்கு ஃபோன் செய்யப் போகிறான். தாய் அங்கே கிடந்த ஸ்பானரை எடுத்து அவன் மண்டையில் அடிக்கிறாள், திரும்பத் திரும்ப அடிக்கிறாள். வீட்டுக்குத் தீ வைக்கிறாள்.

பிறகு போலீஸ் வேறொருவனைப் பிடித்துவிட்டதாகச் சொல்கிறது. இவளுடைய மகனைக்காட்டிலும் புத்தி குறைந்த ஒரு பையன். அவன் சட்டையில் இருந்த அந்தப் பெண்ணின் ரத்தம், அடிக்கடி மூக்கில் ரத்தம் வடிகிற அவளுடைய உபாதையால் வந்தது. தாய் அவனைச் சிறையில் போய்ப் பார்க்கிறாள். உனக்கு அம்மா இல்லையா என்று கேட்டு அழுகிறாள். இல்லை. அழுதுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறாள். அவன் உள்ளேயே இருக்கிறான்.

தாய்ப்பாசத்தின் முழுப் பொருளை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன படம் எனக்குத் தெரியாது. அந்தப் பாசத்தின் எல்லை தன் பிள்ளை. அடுத்த பிள்ளைக்காக அது அழும், சாட்சி சொல்லாது. கிம் ஹே-ஜா என்ற இந்த நடிகை தொலைக்காட்சித் தொடர்களில் பல்லாண்டு நடித்து அந்த நாட்டின் ஆதர்சத் தாயாகவே ஆகிப்போனவர். பண்டரிபாய் கையில் ஸ்பானரைக் கொடுத்துச் சாட்சியை அடித்துக் கொல்லவைத்திருந்தால் நம் கொட்டகைகளில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தால், போங் செய்த காரியத்தின் கனம் புரியும்.

இரண்டு படங்களும் ஞாபகத்தைப் பற்றியவை என்பதைக் கவனிக்கவேண்டும். அமெரிக்கத் தாயை உலகமே மறக்கச் சொல்கிறது, அவள் மறுக்கிறாள். கொரியத் தாயை யாரும் மறக்கச் சொல்லவில்லை. எரிந்த இடத்தில் கிடந்த அவளுடைய ஊசிப் பெட்டியை மகனே எடுத்து வந்து கொடுக்கிறான், இதையெல்லாம் இப்படிப் போட்டுவிட்டு வரலாமா என்கிறான். பெற்றோர்களின் சுற்றுலா பஸ் ஒன்றில் ஏறி உட்கார்ந்து, கெட்ட ஞாபகங்களைக் கரைக்கிற இடம் என்று தான் நம்புகிற தொடை வர்மத்தில் தானே ஊசியைக் குத்திக்கொள்கிறாள். எழுந்து மற்ற தாய்மார்களோடு ஆடுகிறாள். வெளியே சாய்கிற வெயிலில் யார் எவர் என்று தெரியவில்லை. இயற்கை தாய்க்குத் தந்திருக்கிற உந்துதல் எந்தத் திசையில் போகும் என்பதற்கு இதுதான் பதில். அது உண்மையின் பக்கம் போகவேண்டிய நிர்ப்பந்தம் ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு உண்மை அனுகூலமாக இருக்கிறவரை தேடும், பிரதிகூலமானால் கொளுத்தும்.

அப்படியானால் உண்மையைத் தேடுகிற தாய் என்பவள் கற்பனையா? இல்லை. ஆனால் அவள் இயற்கையின் விளைபொருள் அல்ல என்கிறேன். அவள் ஒரு முடிவு எடுத்தவள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் 1928 மார்ச்சில் கிறிஸ்டின் காலின்ஸ் என்ற டெலிஃபோன் ஊழியரின் ஒன்பது வயது மகன் காணாமற்போனான். ஐந்து மாதம் கழித்து இல்லினாயில் கிடைத்தான் என்று போலீஸ் ஒரு சிறுவனைக் கொண்டுவந்து நிறுத்தியது. இவன் என் மகன் இல்லை என்றாள். கொஞ்ச நாள் வைத்துப் பார் என்றார் போலீஸ் கேப்டன். வைத்துப் பார்த்தாள். மூன்று வாரம் கழித்துத் திரும்பிப் போனபோது அவள் 'பெற்ற வயிறு சொல்கிறது' என்று போய் நிற்கவில்லை. மகனின் பல் வைத்தியக் குறிப்புகளைக் கொண்டுபோனாள். அதற்குக் கிடைத்த பதில் மனநோய் விடுதி. சிறுவன் தன் நிஜப் பெயரை ஒப்புக்கொண்ட பிறகுதான் வெளியே விட்டார்கள். ஹாலிவுட்டைப் பார்க்கும் ஆசையில் வேஷம் போட்ட பன்னிரண்டு வயதுப் பையன் அவன். காலின்ஸின் மகன் கடைசிவரை கிடைக்கவில்லை. அவள் 1964இல் இறந்தாள்.

கிளின்ட் ஈஸ்ட்வுட் இதை 'சேஞ்ச்லிங்' (2008) என்று எடுத்தார். ஏஞ்சலினா ஜோலி காலின்ஸாக நடித்த நல்ல படம். ஆனால் அது எதை விட்டுவிட்டது என்று பாருங்கள். சிறுவர்களைக் கொன்றதற்காக 1930இல் தூக்கிலிடப்பட்ட கார்டன் நார்த்காட்டுக்கு ஒரு தாய் உண்டு, ஸேரா லூயிஸா நார்த்காட். காலின்ஸின் மகனைக் கொன்றது நான்தான் என்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றவள் அவள். மகனைக் காப்பாற்றவா, மகனோடு சேர்ந்தா என்ற கேள்வி அங்கே திறந்து கிடக்கிறது. படத்தில் இந்த மனுஷி இல்லவே இல்லை. ஏன்? ஒரே திரையில் இரண்டு தாய்கள் நின்றால் தாய்மை உண்மையின் பக்கம்தான் நிற்கும் என்ற நம்பிக்கை சிதறிவிடும். காலின்ஸை உயர்த்துவதாக நினைத்து அவளைச் சிறுமைப்படுத்திவிட்டார்கள். மற்றவளும் இருந்தால்தானே இவள் செய்தது ஒரு தேர்வு என்று தெரியும்.

தமிழில் இது புதிய சங்கதி அல்ல என்பதையும் சொல்லவேண்டும். புறநானூற்றின் 278ஆம் பாட்டில், நச்செள்ளையார் பாடிய அந்தக் கிழவியை வீரத்தாய் என்று மேடைக்கு மேடை ஏற்றி நாறடித்துவிட்டோம். அவள் செய்ததைப் பாருங்கள். மகன் புறமுதுகிட்டான் என்று பலர் சொல்கிறார்கள். 'என் மகனா? பெற்றவளுக்குத் தெரியாதா?' என்று அவள் சீறவில்லை. அது நிஜமானால் பால் கொடுத்த முலையை அறுப்பேன் என்று தன் உடம்பையே பணயமாக வைத்துவிட்டு, வாளோடு களத்துக்குப் போய் ஒவ்வொரு பிணமாகப் புரட்டிப் பார்த்தாள். தாயின் உடம்பு அங்கே சாட்சி இல்லை, பிணை. அவள் வேண்டிய உண்மை அரசனின் யுத்தத்துக்கு உதவுகிற உண்மை என்பதில் எனக்குச் சண்டை உண்டு. ஆனால் போய்ப் பார்த்தாளே, அதில் சண்டை இல்லை.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு ஓர் அம்மாள் வந்தார். மகன் காணாமற்போய்ச் சில வருஷங்கள். அவன் சேமிப்புக் கணக்கில் கொஞ்சம் பணம், நாமினி இவர். ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால் இறந்துபோனதாகக் கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் இருந்ததுதான், 2024இல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அது அப்படியே. ஏழு வருஷம் ஆனபிறகு கோர்ட் உத்தரவும் இறப்புச் சான்றிதழும் வாங்கி வந்தால் பணம் எடுக்கலாம் என்றேன். "அவன் செத்துட்டான்னு நான் எழுதிக் குடுக்கணுமா சார்?" என்று கேட்டார். அப்படித்தான் என்றேன். "உசுரோட இருக்கான்னும் எனக்குத் தெரியாது. செத்துட்டான்னும் தெரியாது. தெரியாததை எப்படி எழுதிக் குடுக்கறது?" பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வயிறு சொல்கிறது என்ற பேச்சே இல்லை. உண்மையோடு இவ்வளவு நேராக நின்ற ஒரு வாக்கியத்தை நான் பார்த்த எந்த மர்மப் படத்திலும் கேட்டதில்லை.

அர்ஜென்டினாவில் 1977 ஏப்ரல் 30 அன்று பிளாஸா தெ மாயோ சதுக்கத்தில் பதினான்கு பெண்கள் கூடினார்கள். ராணுவ ஆட்சி அவர்களைப் பைத்தியக்காரிகள் என்றது. துக்கத்தில் இருக்கும் தாயைப் பைத்தியம் என்பது திரைக்கதைக்காரன் கண்டுபிடித்த திருப்பம் அல்ல, அரசாங்கங்களின் பழைய கைமுறை. கூட்டமாக நிற்கக் கூடாது என்று போலீஸ் விரட்டியதால் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். முதலில் கூட்டியவர்களில் ஒருவரான அஸுசேனா வில்லாஃப்ளோரை அதே டிசம்பரில் கடத்திக் கொன்றார்கள். அவருடைய எலும்புகள் அடையாளம் காணப்பட்டது 2005இல். இவர்கள் ஒவ்வொருவரும் தன் பிள்ளைக்காக வந்தவர்கள்தான். ஆனால் அடுத்தவள் பிள்ளையின் பெயரையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கிய இடத்தில், கொரியத் தாய் தாண்டாத கோட்டைத் தாண்டினார்கள்.

நமக்கு இன்னும் அருகில், கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தாய்மார் தெருவோரம் உட்கார்ந்தார்கள். 2009 மே மாதம் யுத்தத்தின் முடிவில் தங்கள் கையால் ராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்பது அவர்கள் கேள்வி. காணாமற்போனவர் என்பதற்குச் சான்றிதழ் தருகிறோம் என்றது அரசு, அதற்கு 2016இலேயே சட்டம் செய்திருந்தது. 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச, அவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், விசாரணைக்குப் பின் மரணச் சான்றிதழ் தரலாம் என்றார். யார், எங்கே, எப்படி, யார் உத்தரவில்? அதற்குப் பதில் இல்லை. கேட்டபடியே இறந்துபோன தாய்மார் பலர். இவர்கள் கேட்பது ஒப்படைத்த நேரம், இடம், வாங்கிக்கொண்ட அதிகாரி, பட்டியல். காலின்ஸின் பல் வைத்தியக் குறிப்பும் இந்தப் பட்டியலும் ஒரே ஜாதி.

கவிஞ நண்பருக்கு என் பதில் இது. தாய்மை அழியாத சத்தியம் என்று சொல்லும்போது நீங்கள் இந்தப் பெண்களைப் புகழவில்லை. அவர்கள் செய்ததை அவர்களிடமிருந்து பிடுங்கி இயற்கையின் கணக்கில் வரவு வைக்கிறீர்கள். தெருவில் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்து 'பாவம், பெற்ற மனம்' என்று சொல்லிவிட்டுப் போகிறவனுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை. பெற்ற மனம் என்று சொல்லிவிட்டால் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை.

மற்ற நண்பருக்கு: இந்த வடிவத்தைத் தள்ளிவிடாதீர்கள். எது நிஜம், யார் சொல்வதை நம்புவது, ஞாபகம் எவ்வளவு தூரம் சாட்சி என்றெல்லாம் கேட்கத் தெரிந்த வடிவம் அது. நம்முடைய உயர்ந்த இலக்கியத்தில் தாய் வந்தவுடன் கேள்விகள் ஒய்ந்துவிடுகின்றன. போங் மாதிரி ஒருவன் கையில் அது கேட்கவேண்டியதைக் கேட்கிறது. நம்மவர் யாராவது இந்தக் கதையை எழுதினால் அவரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான்: பிள்ளையைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். எரியும் வீட்டுக்குள் கிடக்கிற சாட்சியையும், தாயில்லாமல் சிறையில் இருக்கிற அந்த இன்னொரு பையனையும் மறந்துவிட்டுக் கதையை முடிக்காதீர்கள்.